புதிதாக வந்த பூனை சீறுகிறதா? வேலூர் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

வேலூரில் பூனை வளர்ப்பது பெரும்பாலும் திட்டம் போட்டு ஆரம்பிப்பதில்லை. வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்யும்போது விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும் பிள்ளைகள் "ஆன்ட்டி, நீங்க வெச்சுக்கறீங்களா?" என்று கூடையோடு வாசலில் நிற்பார்கள். மழை நாளில் நிறுத்தி வைத்த வண்டிக்கு அடியில் ஒரு குட்டி கத்திக்கொண்டிருக்கும். பரிதாபப்பட்டு எடுத்து வந்த சில நாளிலேயே அது உங்கள் கையைப் பிறாண்டும், அல்லது ஏற்கெனவே இருக்கும் பூனையைத் துரத்தித் துரத்தி அடிக்கும். பக்கத்து போர்ஷன் அம்மா எட்டிப் பார்த்து, "அதுக்குப் பொறாமம்மா, இன்னா பண்ணாலும் மாறாது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

அந்தத் தீர்ப்பை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டாம். பூனை பார்க்கிற கணக்கெல்லாம் இடத்தைப் பற்றியது. எங்கே தின்பது, எங்கே படுப்பது, எந்த வழியாக ஓடித் தப்பிப்பது, யார் மடி தனக்கு. இதில் ஏதாவது ஒன்று கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தால் சீறும், அடிக்கும். ஆகவே பூனையின் குணத்தோடு மல்லுக்கட்டுவதைவிட வீட்டின் ஏற்பாட்டை மாற்றுவது சுலபம். கீழே உள்ளதை வரிசையாகச் செய்து பாருங்கள்.

முதல் வேலை: ஒரு அறையை ஒதுக்குங்கள்

முதல் நாளே வீடு முழுவதையும் திறந்து விடாதீர்கள். பாதிச் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது. பூனை வருவதற்கு முன்பே ஒரு அறையைத் தயார் செய்து, அதை அங்கேயே இறக்கி விடுங்கள். ஒரே ஒரு படுக்கையறை உள்ள போர்ஷன் என்றால் அதைப் பூனைக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் ஹாலில் பாய் விரித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் சமாளித்தால் போதும். மொட்டை மாடியில் ஷீட் போட்ட ரூம் காலியாக இருக்கிறதே என்று அங்கே விட வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், ஷீட்டுக்கு அடியில் அதைவிட மோசம். நாய் வாயைத் திறந்து இரைப்பது சாதாரணம். பூனை அப்படி இரைத்தால் ஆபத்து என்று அர்த்தம். உடனே குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றி டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

அறைக்குள் என்னென்ன வேண்டும்? தண்ணீர், சாப்பாட்டுத் தட்டு, அதற்கு எதிர் மூலையில் மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி. கடையில் கேட் லிட்டர் கிடைக்கிறது. சலித்த மணலும் போதும். அட்டைப் பெட்டியில் மட்டும் இரண்டு பக்கம் ஓட்டை போடுங்கள். ஒரே வழி இருந்தால், நீங்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்ததும் தப்பிக்க வழியில்லை என்று நினைத்துப் பாயும். பீரோவின் மேல் ஒரு பழைய துணியைப் போட்டு, ஏறுவதற்கு நாற்காலியைப் பக்கத்தில் நகர்த்தி வையுங்கள். உயரத்திலிருந்து பார்க்கக் கிடைத்தால் பூனைக்குப் பயம் பாதி குறையும்.

கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் இழுக்காதீர்கள். குழந்தைகள் டார்ச் அடித்துப் பார்ப்பதையும் நிறுத்துங்கள். நீங்கள் அதே அறையில் தரையில் உட்கார்ந்து போன் பாருங்கள், கீரை ஆயுங்கள், ஏதாவது வேலை செய்யுங்கள். உற்றுப் பார்க்க வேண்டாம். கண் பட்டால் மெதுவாகக் கண்ணை மூடித் திறங்கள்; பூனை திரும்ப அதே மாதிரி செய்தால் நல்ல சேதி.

இப்படித் தனியாக வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. தெருவிலிருந்து வந்த பூனைக்குத் தொற்று ஏதும் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும், பழைய பூனைக்கு ஒட்டாது. இந்த நாட்களிலேயே டாக்டரிடம் காட்டிக் குடல்புழு மருந்து, தடுப்பூசிகளை ஆரம்பித்துவிடுங்கள். குட்டிகளுக்கு எட்டு வார வயதிலிருந்து முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி என்பது வழக்கம்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. பூனை என்றாலே பால் வைப்பது நம் பழக்கம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு ஆகும். வயிறு வலிக்கிற பூனையைத் தொட்டால் கடிக்காமல் என்ன செய்யும்? மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறும் வேண்டாம்; வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்த மீனோ கோழியோ கொடுத்துப் பழக்குங்கள், கூடவே கடையில் விற்கும் பூனை உணவும் இருக்கட்டும்.

அடுத்து: உடம்பைப் படிக்கப் பழகுங்கள்

சீறல் ஓர் எச்சரிக்கை. "அங்கேயே நில்லு" என்கிறது. நின்றுவிட்டால் அதோடு முடிந்தது. சீறியதற்காகத் திட்டினாலோ தட்டினாலோ, அடுத்த முறை எச்சரிக்காமல் நேரே கடிக்கும்.

மடியில் படுத்திருக்கும் பூனையைத் தடவிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். முதலில் வாலின் நுனி மட்டும் பக்கவாட்டில் துடிக்கும். பிறகு முதுகுத் தோல், ஈ உட்கார்ந்த மாட்டுத் தோல் மாதிரி ஒரு முறை சுளித்து அடங்கும். காது பக்கவாட்டில் திரும்பும், கண்மணி பெரிதாகும். இதற்கு அப்புறமும் தடவினால் பல் பதியும். நாமோ "நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு கடிச்சிடுச்சு" என்போம். வால் நுனி துடித்த உடனே கையை எடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. மல்லாந்து வயிற்றைக் காட்டினால் அங்கே தடவச் சொல்கிறது என்று அர்த்தமில்லை. தாடைக்குக் கீழே, கன்னத்தில், காதுக்குப் பின்னால் தடவுவதைத்தான் பெரும்பாலான பூனைகள் விரும்பும்.

குட்டிகள் கடிப்பது வேறு விஷயம். தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருக்கும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதுக்கு வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. சீக்கிரமே பிரிந்துவிட்ட ஒற்றைக் குட்டிக்கு அது தெரியாது, உங்கள் கணுக்கால்தான் அதற்கு எலி. விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள். ஒரு குச்சியில் கயிறு கட்டி நுனியில் துணியை முடிந்து, காலையிலும் மாலையிலும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, கடைசியில் அதைப் பிடிக்க விட்டு, அப்புறம் சாப்பாடு வையுங்கள். விளையாடி முடித்ததும் கயிற்றை எடுத்து வைத்துவிடுங்கள், விழுங்கிவிடும்.

மாடியில் வரும் கடுவனைக் கவனித்தீர்களா?

நம் ஊர்த் தெருக்களில் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான் என்பேன். கொசப்பேட்டை, சைதாப்பேட்டைப் பக்கம் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி இருக்கும். ஒரு மொட்டை மாடியிலிருந்து அடுத்த மாடிக்குப் பூனை சர்வசாதாரணமாகப் போகும். உங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருக்கலாம். அதனால் தெருப் பூனைகளுக்கு உங்கள் வீடு எல்லைக்கு வெளியே என்று ஆகிவிடாது.

சத்துவாச்சாரியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது இது. பழைய பூனையும் புதுக் குட்டியும் நன்றாகத்தான் இருந்தன. ஒரு சாயங்காலம் பழையது ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருந்தது. வெளியே காம்பவுண்டுச் சுவர் மேல் கன்னம் உப்பிய ஒரு கடுவன் வந்து உட்கார்ந்தது. உள்ளே இருந்தது அசையவில்லை. வால் மட்டும் பாட்டில் கழுவும் பிரஷ் போலப் பருத்து, தொண்டையில் மெல்லிய உறுமல். விஷயம் தெரியாத குட்டி கீழே வந்து அதன் காலை முகர்ந்தது. அவ்வளவுதான், குட்டியைப் புரட்டிப் போட்டுவிட்டது. வீட்டு அம்மா அந்த நேரம்தான் குட்டிக்குத் தீனி வைத்திருந்தார். அதனால் "இதுக்கு வெச்சதைப் பார்த்துப் பொறாமை" என்றே நினைத்தார். வெளியே இருந்த கடுவனை அவர் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து குட்டியைக் கண்டாலே பழையது உறுமியது.

எட்டாத எதிரியின் மேல் வந்த கோபம் பக்கத்தில் இருப்பவர் மேல் திரும்புவது பூனைகளிடம் அடிக்கடி நடக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் தூக்கப் போனால் உங்கள் கைக்கும் அதே கதிதான். ஆத்திரம் அடங்கச் சில மணி நேரம் ஆகும்; சில பூனைகளுக்கு ஒன்றிரண்டு நாள்கூட ஆகும். பட்டாசு, கல்யாண பேண்டு, தெருவில் போகும் சாவு ஊர்வலத்தின் மேளமும் வெடியும் இதே வேலையைச் செய்யும்.

அந்த வீட்டில் செய்ததையே நீங்களும் செய்யலாம். ஜன்னலின் கீழ்ப் பாதிக் கண்ணாடியில் வெளியே தெரியாதபடி ஸ்டிக்கரோ செய்தித்தாளோ ஒட்டுங்கள். காம்பவுண்டு ஓரத்தில் மிச்சச் சோறு, மீன் முள் போடுவதை நிறுத்துங்கள், குப்பைக் கூடையை மூடி வையுங்கள். மாடிக் கதவை மாலையிலும் விடியற்காலையிலும் சாத்தி வையுங்கள், பூனைகள் அதிகம் சுற்றுவது அப்போதுதான். உள்ளே இருக்கும் இரண்டையும் சில நாள் தனித்தனி அறையில் வைத்து, கீழே சொல்லியிருக்கும் அறிமுகத்தை முதலிலிருந்து செய்யுங்கள்.

கடுவன் உங்கள் வாசலிலோ கிரில்லிலோ மூத்திரம் பீய்ச்சிவிட்டுப் போயிருந்தால் அந்த வாடை உள்ளே இருக்கும் பூனையை நாள் முழுக்கக் கிளறிவிடும். கை தானாக ஃபினாயில் பாட்டிலுக்குப் போகும். வேண்டாம். ஃபினாயிலும் டெட்டாலும் பூனைக்கு நஞ்சு. தரையில் நடந்த காலை நக்கினாலே உள்ளே போய்விடும். துணி துவைக்கிற சோப்புத்தூள் கரைத்த தண்ணீரால் நன்றாகத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் காயவிடுங்கள். வாடை போகவில்லை என்றால் தண்ணீர் கலந்த வினிகரால் துடைக்கலாம். பீரோவில் போடும் அந்துருண்டையைப் பூனையை விரட்ட மூலையில் வைப்பவர்களும் உண்டு. அதுவும் விஷமே.

பழைய பூனைக்கும் புதுப் பூனைக்கும் அறிமுகம்

இதில் அவசரம் ஆகாது. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு "பழகிக்கும்" என்று விடுவதைப் போல மோசமான யோசனை கிடையாது.

முதல் சில நாள் வாசனை மட்டும். ஒரு சுத்தமான துணியால் புதுப் பூனையின் கன்னத்தைத் தடவி, அதைப் பழைய பூனையின் தட்டுக்குக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பழையதன் துணி புதியதன் அறைக்குப் போகட்டும். முகர்ந்து பார்த்துச் சீறினால் பரவாயில்லை, துணி அங்கேயே கிடக்கட்டும். கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும் நாளில் அடுத்த கட்டம்.

மூடிய கதவின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். முதலில் கதவிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே. அந்தப் பக்கத்து வாசனை வந்தால் மீன் கிடைக்கும் என்று இரண்டுக்கும் பதிய வேண்டும். கதவோரம் நின்று நிம்மதியாகத் தின்கின்றனவா? அப்படியென்றால் பார்க்க விடலாம். நம் வீடுகளில் கிரில் கேட் இருப்பது இதற்கு ரொம்ப வசதி. கம்பி இடைவெளியில் கை நுழையாதபடி கொசு வலையை இழுத்துக் கட்டி, மேலே பாதிக்கு ஒரு போர்வையைத் தொங்கவிடுங்கள். வலை வழியாகப் பார்த்துக்கொண்டே தின்னட்டும். ஐந்து நிமிடம் போதும். தின்று முடித்ததும் முறைக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் போர்வையை இறக்கிவிடுங்கள்.

வலையைத் தாண்டி நேரில் விடும் முதல் நாள், இரண்டையும் நன்றாக விளையாட விட்டுக் களைத்த பின், ஆளுக்கு ஒருவர் குச்சியும் துணியுமாக இரண்டு பக்கம் உட்காருங்கள். ஒன்று மற்றதைக் கண் சிமிட்டாமல் வெறித்துப் பார்த்தால் அதைத்தான் கவனிக்க வேண்டும், சத்தமான சீறலை அல்ல. ஓர் அட்டையை நடுவில் நீட்டிப் பார்வையை மறையுங்கள், சாதாரணமாகப் பேசிக்கொண்டே பிரித்துவிடுங்கள். சில பூனைகளுக்கு இதெல்லாம் இரண்டு வாரத்தில் முடியும், சிலவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரு கட்டத்தில் சண்டை வந்தால் முந்தின கட்டத்துக்குத் திரும்பிப் போங்கள்.

மணல் தட்டு, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூனைக்கு அது ஒரே தட்டுதான். சாப்பாட்டுத் தட்டுகள் ஒன்றுக்கொன்று தெரியாத இடத்தில். ஒரு பூனை வாசற்படியில் குறுக்கே படுத்து மற்றதை மணல் தட்டுக்குப் போகவிடாமல் தடுப்பதும் சண்டைதான், சத்தமில்லாத சண்டை. ஹாலில் கண்ட இடத்தில் மூத்திரம் போகிறது என்று திட்டுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

வீட்டு ஆள் மேலேயே பாய்ந்தால்

"என்கிட்ட குழையுது, அவர் வந்து உட்கார்ந்தா கடிக்குது" என்பது நிறையப் பேர் சொல்லும் புகார். பூனைக்குப் பிடிக்காத அந்த ஆள் கையால்தான் இனிச் சாப்பாடு வர வேண்டும். விளையாட்டுக் குச்சியும் அவர் கைக்குப் போகட்டும். அவர் பூனையைத் தொடவே வேண்டாம். அதுவாக வந்து காலில் உரசும் வரை தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். கட்டிலில் வந்து மறிக்கிறது என்றால் கையால் தள்ளாமல், கீழே ஒரு தீனியைப் போட்டு இறங்க வையுங்கள்.

கைக்குழந்தை வரப்போகும் வீட்டில், பிரசவத்துக்குப் பல வாரம் முன்பே தொட்டிலைக் கட்டி, அதில் பூனை படுக்கக் கூடாது என்பதைப் பழக்கிவிடுங்கள். குழந்தை வந்த பிறகு பூனையைத் திடீரென்று வெளியே துரத்தாதீர்கள், ஆனால் குழந்தையையும் பூனையையும் ஆள் இல்லாத அறையில் விடவும் கூடாது.

அடிப்பது, தண்ணீர் தெளிப்பது, பிடரியைப் பிடித்துத் தூக்குவது எதுவும் உதவாது. பூனை கற்றுக்கொள்வது "இந்த ஆள் ஆபத்து" என்பதை மட்டும்தான்.

கருத்தடை

கடுவனோ பெட்டையோ, ஐந்தாறு மாதத்தில் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுவது நல்லது. கடுவன்களின் சண்டை, ஊர் சுற்றல், மூத்திரம் பீய்ச்சல் மூன்றும் பெருமளவு குறையும். உடனே குறையாது, சில வாரம் ஆகும். பெட்டைக்குச் செய்தால் பருவக் கத்தலும் நிற்கும், அதைத் தேடி மாடிக்கு வரும் கடுவன் கூட்டமும் நிற்கும். "ஒரு தடவை குட்டி போட்டால் சாந்தமாகிவிடும்" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். குட்டி போட்ட பூனைதான் கிட்ட வருபவர் யாராக இருந்தாலும் பாயும்.

சண்டை மூண்டுவிட்டால்

கையை நடுவில் விடாதீர்கள். தட்டைத் தரையில் தட்டுங்கள், அல்லது கெட்டியான போர்வையை மேலே போடுங்கள், அல்லது முறத்தையோ தலையணையையோ நடுவில் செருகுங்கள். பிரிந்ததும் ஆளுக்கொரு அறை, விளக்கை அணைத்துவிடுங்கள். காயம் இருக்கிறதா என்று அடங்கிய பிறகு பாருங்கள். முடிக்குள் மறைந்திருக்கும் பல் ஓட்டை சில நாளில் சீழ் கட்டும். வலிக்குமே என்று மனிதர்களுக்கான பாராசிட்டமாலை நுணுக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பூனையை அது கொன்றுவிடும்.

உங்களைக் கடித்துவிட்டால்

"பூனைதானே" என்று விடுவதில்தான் ஆபத்து. பூனையின் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், மேலே சின்னப் புள்ளிதான் தெரியும். ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். அன்றே டாக்டரிடம் போங்கள். ரேபிஸ் தடுப்பூசி அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், அடுக்கம்பாறையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28ஆம் நாட்கள் என்று ஊசி வரும். இரத்தம் வந்த கடிக்குக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற உடனடி எதிர்ப்பு மருந்தும் போடுவார்கள். ஒரு ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள். பிறாண்டி இரத்தம் வந்தாலும் இதே கதைதான். கடித்த பூனையைப் பத்து நாள் கண்காணிப்பில் வைத்திருங்கள். அதற்காக உங்கள் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். மறுநாள் கை வீங்கிச் சிவந்து, விரலை மடக்க முடியவில்லை என்றால் தாமதிக்காமல் திரும்பவும் காட்டுங்கள்.

டாக்டரிடம் பூனையைக் கொண்டுபோக வேண்டிய நேரம்

சாதுவாக இருந்த பூனை ஒரே நாளில் மாறினால் முதலில் வலியைச் சந்தேகியுங்கள். பல் நோய், காதுப் பூச்சி, மூட்டு வலி, உள்காயம் எதுவாகவும் இருக்கலாம். ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து, மூத்திரமே வராமல் கத்தினால் அது அவசரம். அடைப்பு எடுக்காவிட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும், இரவானாலும் ஓடுங்கள். உள்ளூரில் முடியாத சிகிச்சைக்குச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காட்பாடியிலிருந்து ரயிலில் போகலாம் என்றாலும், சீறும் பூனையோடு கார்தான் உத்தமம். கூடையை ஒரு துணியால் மூடி எடுத்துப் போங்கள்.

மூன்று மாதம் பொறுமையாகச் செய்தும் இரண்டும் ஒன்றையொன்று கிழித்துக்கொண்டிருந்தால், வீட்டை நிரந்தரமாக இரண்டாகப் பிரித்து வளர்க்கலாம், அல்லது வேறு பூனை இல்லாத வீடாகப் பார்த்துக் கொடுக்கலாம். அது குற்றமில்லை. கொடுக்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள்: எதைக் கண்டால் சீறுகிறது, எங்கே தொட்டால் கடிக்கிறது, எந்த மணல் பழக்கம், என்ன தின்னும், எந்த ஊசி எப்போது போட்டது. தடுப்பூசி அட்டையையும் அது படுத்திருந்த துணியைத் துவைக்காமலும் கூடவே கொடுத்தனுப்புங்கள்.